சோற்றைக் குறைப்பவர்கள் கவனத்திற்கு

தை பிறந்துவிட்டால் டெல்டாப் பகுதியில் உளுந்து, பயறு தெளிக்கும் வேலை தொடங்கிவிடும். அப்படியொரு தை மாதக் காலையில், வெண்ணாற்றுப் பாசனத்தில் இரண்டரை ஏக்கர் சாகுபடி செய்யும் விவசாயி ஒருவர் உளுந்து தெளிக்க ஈரப் பதம் பார்ப்பதற்காக வயலுக்குப் போனவர், வரப்பிலேயே மயங்கி உட்கார்ந்துவிட்டார். உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம், பேச்சும் குழறியது. பக்கத்து வயலில் நின்றவர்கள் வெயில் மயக்கம் என்றார்கள். தை மாதத்தில், காலை எட்டு மணிக்கு, என்ன வெயில்? பின்னாலேயே வந்த அவருடைய மனைவிதான், "மாத்திரையைப் போட்டுக்கிட்டு வெறும் மோரைக் குடிச்சிட்டு வந்தாங்க" என்று சொல்லி, டீக்கடைக்கு ஆள் அனுப்பிச் சர்க்கரை கரைத்த தண்ணீர் வாங்கி வரச் செய்து குடிக்க வைத்தார். கால் மணி நேரத்தில் தெளிந்து எழுந்தார்.

நடந்தது இதுதான். அவருக்குச் சில ஆண்டுகளாகச் சர்க்கரை வியாதி. 'அரிசிதான் விஷம், அதை விட்டால் வியாதி ஓடிவிடும்' என்று யாரோ சொல்லக் கேட்டு, ஒரே நாளில் சோற்றை நிறுத்திவிட்டார். காலையில் மோர், மதியம் கொஞ்சம் பொரியல், இரவு ஒரு வாழைக்காய் வறுவல். மாத்திரையை மட்டும் பழைய அளவிலேயே விழுங்கி வந்தார். மூன்று வேளை சோறு சாப்பிடுகிறவருக்கென்று அளந்து கொடுத்த மாத்திரை அது. சோறு இல்லாத உடம்பில் அது தன் வேலையைச் செய்ய, ரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது.

அவருடைய எண்ணத்தில் பெரிய தவறில்லை. செய்த முறையில்தான் தவறு. மாவுச்சத்தைக் குறைக்க நினைக்கும் விவசாயிகள் இன்று ஊருக்குப் பத்துப் பேராவது இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

சோறு ஏன் இப்போது சிக்கலாகிறது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நாடு முழுவதும் 'இண்டியாப்' என்ற ஆய்வை நடத்தின. 2023ல் வெளிவந்த அதன் கணக்குப்படி, நம் நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு மேல், அதாவது சுமார் 10 கோடிப் பேர், சர்க்கரை வியாதி உள்ளவர்கள். அதே ஆய்வின் உணவுப் பகுதி 2025ல் வந்தது. நாம் உண்ணும் உணவில் கிடைக்கும் சக்தியில் நூற்றுக்கு 62 பங்கு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்றும், புரதத்திலிருந்து வருவது 12 பங்குதான் என்றும் அது கூறுகிறது.

நம் பாட்டன்மாரும் சோறுதானே சாப்பிட்டார்கள் என்று கேட்கலாம். சாப்பிட்டார்கள். ஏர் பிடித்து, ஏற்றம் இறைத்து, கட்டுச் சுமந்து அதைச் செலவும் செய்தார்கள். இன்று உழவுக்கு டிராக்டர், நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம், இறைப்புக்கு மின் மோட்டார், கடைத்தெருவுக்கு மோட்டார் சைக்கிள். உழைப்பு குறைந்தது, உலை அரிசி குறையவில்லை. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பசியைப் போக்கிய நல்ல காரியம் அது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் இலவசமாகக் கிடைப்பது அரிசி, காசு கொடுத்து வாங்க வேண்டியது பருப்பும் காயும் என்றால், தட்டில் எது நிறையும் என்று சொல்லத் தேவையில்லை.

எவ்வளவு குறைப்பது?

புதிதாகச் சர்க்கரை வியாதி கண்டவர்கள் அதிலிருந்து மீள, சக்தியில் மாவுச்சத்தின் பங்கு நூற்றுக்கு 49 முதல் 54 வரையும், புரதத்தின் பங்கு 19, 20 என்ற அளவிலும் இருப்பது நல்லது என்று இதே இண்டியாப் குழுவினர் 2022ல் கணக்கிட்டுச் சொன்னார்கள். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட வழிகாட்டியில், உடல்நலத்துடன் இருப்பவர்களுக்கே தானியங்களிலிருந்து கிடைக்கும் சக்தி 45 பங்குக்கு மேல் போக வேண்டாம் என்கிறது. ஆக, சோற்றை அடியோடு விட வேண்டும் என்று இவர்களில் யாரும் சொல்லவில்லை. பாதியாக்கினால் போதும் என்பதே இவற்றின் பொருள்.

பேலியோ, கீட்டோ என்ற பெயர்களில் மாவுச்சத்தை நாளொன்றுக்கு 50 கிராமுக்கும் கீழே கொண்டுபோகும் முறைகளும் நடப்பில் இருக்கின்றன. ஐம்பது கிராம் என்பது ஒரு கைப்பிடி அரிசிக்கு ஈடு. டாக்டரின் நேர்ப் பார்வையில், அடிக்கடி ரத்தம் சோதித்துச் செய்ய வேண்டிய காரியம் அது. வயலில் தனியாக நின்று வேலை செய்கிறவர் யாரோ சொன்னதைக் கேட்டுத் தொடங்கக் கூடியதல்ல. நாளுக்கு நூறு பாதாம் பருப்பு என்பதெல்லாம் நம் கட்டுக்கும் அடங்காது. நிலக்கடலை விளைகிற ஊரில் பாதாமைத் தேடிப் போவானேன்?

ஒரு கணக்குப் பார்ப்போம். நூறு கிராம் அரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து. மூன்று வேளையும் சோறு, இட்லி, தோசை என்று சாப்பிடுபவர் ஒரு நாளில் அரைக் கிலோ அரிசியை உள்ளே தள்ளுகிறார் என்று வைத்துக்கொண்டால், அரிசியில் மட்டும் 390 கிராம் மாவுச்சத்து. உங்கள் வீட்டில் எவ்வளவு போகிறது என்பதை அறிய, உலை வைக்கும் ஆழாக்கால் ஒரு தடவை அரிசியை அளந்து தராசில் நிறுத்துப் பாருங்கள். பலர் கால் கிலோ என்று நினைத்துக்கொண்டிருப்பது அதைப் போல் இரண்டு மடங்காக இருக்கும்.

இந்த அரைக் கிலோவைக் கால் கிலோவாக்கினால் ஏறக்குறைய 880 கலோரி குறைந்துவிடும். அதை ஈடு செய்யாமல் விட்டால்தான் சோர்வு, தலைவலி, எரிச்சல், மாலையானால் பசியில் கண்டதைத் தின்பது எல்லாம் வருகின்றன. பத்து நாள் பட்டினி கிடந்துவிட்டு பதினோராம் நாள் பழையபடி சோற்றில் விழுகிறவர்கள் இப்படித்தான் விழுகிறார்கள். ஈடாக வேண்டியவை இவை: பயறு, பருப்பு வகை 100 கிராம், நிலக்கடலை 50 கிராம், முட்டை இரண்டு, சமையலில் கூடுதலாக ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் அல்லது கடலை எண்ணெய். கலோரி சரிக்குச் சரியாகிவிடும். மாவுச்சத்து நிகரமாக 135 கிராம் போலக் குறையும். புரதம் 30 கிராம் வரை கூடும். முட்டை சாப்பிடாதவர்கள் தயிரையும் பயற்றையும் கூட்டிக்கொள்ளலாம். மீன் கிடைக்கும் இடத்தில் மீன். குளத்துக் கெண்டையும் விராலும் எந்த டவுன் சத்து மாவுக்கும் குறைந்தவை அல்ல. இதற்கு மேல் கீரை, அவரை, கத்தரி, வெண்டை, முருங்கை, பூசணி என்று காய்கறி தட்டில் பாதி இடத்தைப் பிடிக்க வேண்டும். உருளையும் மரவள்ளியும் சேனையும் சேப்பங்கிழங்கும் இந்தக் காய்கறிக் கணக்கில் சேரா. அவற்றைச் சோற்றுடன் சேர்த்தே கணக்கிட வேண்டும். சோற்றைக் குறைத்து மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தின்றவரையும் நாம் பார்த்திருக்கிறோம்.

சாப்பிடும் வரிசையையும் மாற்றலாம். முதலில் காயும் பருப்பும் முட்டையும், பிறகு சோறு என்று சாப்பிட்டால், சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறுவது மட்டுப்படுகிறது. இதற்குக் காசு செலவில்லை.

சிறுதானியம் விடை ஆகுமா?

இங்கே பலருக்கும் ஒரு மயக்கம் இருக்கிறது. அரிசியை நிறுத்திக் கேழ்வரகுக் களிக்கும் கம்பங்கூழுக்கும் மாறிவிட்டால் மாவுச்சத்து குறைந்துவிடும் என்று நம்புகிறார்கள். கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு எதை எடுத்தாலும் நூறு கிராமில் சுமார் 60 முதல் 72 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அரிசிக்கும் இவற்றுக்கும் இந்த ஒரு விஷயத்தில் வித்தியாசம் அதிகமில்லை. 2025ல் வந்த ஆய்வும் இதையே உறுதி செய்கிறது: மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல், அரிசிக்குப் பதில் சிறுதானிய மாவோ கோதுமை மாவோ என்று மாற்றியதனால் மட்டும் சர்க்கரை வியாதி வரும் வாய்ப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பயறு, பால், முட்டை, மீன் ஆகியவற்றின் புரதம் வந்தபோதுதான் வாய்ப்பு குறைந்து காணப்பட்டது.

சிறுதானியம் வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. நார்ச்சத்து அதிகம். கேழ்வரகில் நூறு கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. மானாவாரியில் விளைகிறது. எல்லாம் சரி. அளந்து சாப்பிட வேண்டும், அவ்வளவே. அதிலும் மாவாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் வேகமாகச் செரித்துச் சர்க்கரையை விரைவில் ஏற்றும். சாமையையோ வரகையோ முழுசாகச் சோறு வடித்து, குழம்பும் காயும் கூட்டிச் சாப்பிடுவது அதைவிட மேல்.

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் விஷயமும் இப்படியே. வெள்ளைச் சர்க்கரையின் தம்பிமார்கள். நாளுக்கு நான்கு டீ, டீக்கு இரண்டு கரண்டி என்றால் 40 கிராம் சர்க்கரை ஆகிறது. சோற்றில் கை வைக்கும் முன் டீயில் கை வைக்கலாம். உண்மையைச் சொன்னால், சோற்றைக் குறைப்பதைவிட இதுதான் நம்மவர்களுக்குக் கஷ்டம்.

மாத்திரை சாப்பிடுபவர்கள்

இந்தப் பகுதியைச் சர்க்கரை வியாதிக்காரர் மட்டுமின்றி வீட்டில் உள்ளவர்களும் படித்துவைக்க வேண்டும்.

கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலின் ஊசியும் உணவு குறைந்தாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். இவற்றை எடுத்துக்கொள்பவர்கள் சோற்றைக் குறைக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். 'குறைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் போவோம்' என்பது இங்கே உதவாது. தாமாக மாத்திரையை நிறுத்துவதும் கூடாது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. மாத்திரை அட்டையை எடுத்துப் போய்க் காட்டினால் எந்த வகை என்று ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சொல்லிவிடுவார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவந்து கொடுப்பவர்களிடமும், உணவை மாற்றப் போவதைச் சொல்லி வையுங்கள்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரைகள் வேறு வகை. சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. இவற்றைச் சாப்பிட்டுக்கொண்டு மாவுச்சத்தை மிகவும் குறைத்தால் ரத்தத்தில் அமிலம் கூடும் அபாயம் உண்டு. வாந்தி, வயிற்று வலி, மேல்மூச்சு வாங்குதல் கண்டால், சர்க்கரை அளவு அதிகமாக இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மாவுச்சத்து குறையும்போது முதல் ஓரிரு வாரம் உடம்பிலிருந்து உப்பும் நீரும் சற்று அதிகமாக வெளியேறும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு எழுந்து நிற்கையில் கண் இருட்டலாம். அவர்களும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ரத்த அழுத்தம், இருதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்கள் வயலுக்குப் போகும்போது உப்புப் போட்ட நீர்மோர் எடுத்துப் போகலாம். சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் பருப்பையும் முட்டையையும் தாமாகக் கூட்டக் கூடாது. ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், சிறு வயதிலேயே இன்சுலினில் இருப்பவர்கள் ஆகியோர் இந்தக் கட்டுரையைப் பார்த்து எதையும் குறைக்க வேண்டாம்.

கை நடுக்கம், குளிர் வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சுக் குழறல் வந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் அதே அளவு. தெளிந்ததும் ஏதாவது சாப்பிட வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்; புரையேறி உயிருக்கே ஆபத்தாகும். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிட வேண்டும். மாத்திரை சாப்பிடும் விவசாயி சட்டைப் பையில் ஒரு பொட்டலம் சர்க்கரை இல்லாமல் வயலுக்குப் போகக் கூடாது. மின் மோட்டார், பம்பு செட்டு, மருந்து தெளிப்பான் அருகில் தனியாக நிற்கும்போது இப்படி வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

எப்போது தொடங்கலாம்?

நடவு, அறுவடை மும்முரத்தில் தொடங்க வேண்டாம். வேலை மட்டான நாட்களில், முதல் வாரம் இரவுச் சோற்றை மட்டும் பாதியாக்கிப் பச்சைப் பயறோ சுண்டலோ சேர்க்கலாம். அது பழகியபின் மதியம். பயறு திடீரெனக் கூடினால் வயிறு உப்பும். எட்டு மணி நேரம் ஊற வைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு வேக வைத்தால் உபத்திரவம் குறையும். தண்ணீர் நிறையக் குடிக்காவிட்டால் மலச்சிக்கல் வரும்.

நாம் மேலே சொன்ன விவசாயி இப்படித்தான் இரண்டாம் முறை தொடங்கினார். டாக்டர் முதலில் மாத்திரையைப் பாதியாக்கினார். அதன் பிறகே சோற்றைப் பாதியாக்கினார்கள். இப்போது அவர் வீட்டில் சண்டை வேறு மாதிரி. "உளுந்தை எல்லாம் வியாபாரிக்கு அளந்துட்டு, எனக்குப் பருப்பு வாங்கக் கடைக்குக் காசு குடுக்குறீங்களே, இது என்ன கணக்கு?" என்று அம்மாள் கேட்டாராம்.

கேள்வி நியாயமானதுதான். உளுந்து, பயறு, கடலை, முட்டை, பால் எல்லாம் விளைவிப்பது நாம். அவற்றை விற்றுவிட்டு அரிசியை மட்டும் வைத்துக்கொள்வதும் நாம்தான். நபருக்கு நாளொன்றுக்கு 75 கிராம் என்றால் நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு ஆண்டில் 110 கிலோ பயறு வகை வேண்டும். நெல் தரிசில் ஒரு ஏக்கர் உளுந்து 2 குவிண்டால் கண்டால், அதில் பாதிக்குச் சற்று மேல். பாதி விளைச்சல் வீட்டிலேயே நின்றுவிட்டால் கடன் எதைக்கொண்டு அடைப்பது என்று கேட்பீர்கள். தட்டைப் பயறு, கொள்ளு, மொச்சை, வரப்பில் ஊன்றிய துவரை, வேலியில் படர்ந்த அவரை என்று பல வகையில் அந்த 110 கிலோவைப் பிரித்துக்கொண்டால் உளுந்தின் மேல் பாரம் விழாது. ரேஷனில் மலிவு விலைத் துவரம் பருப்பு கிடைக்கும் மாதங்களில் அதை விடாமல் வாங்குவதும் உதவும்.

தரிசு உளுந்துக்கு ஆடுதுறை 3 போன்ற ரகம் ஏற்றது. அறுவடைக்கு ஐந்து முதல் பத்து நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது ஏக்கருக்கு 10 கிலோ விதையை ரைசோபியம் கலந்து சீராகத் தெளிக்க வேண்டும். ஈரம் அதிகமானால் விதை அழுகும், காய்ந்துவிட்டால் முளைக்காது. பூக்கும் தருணத்திலும் அதிலிருந்து பதினைந்து நாள் கழித்தும் 2 சதம் டி.ஏ.பி. கரைசல் தெளிக்கலாம். 4 கிலோ டி.ஏ.பி.யை முதல் நாள் மாலை 10 லிட்டர் தண்ணீரில் ஊற வைத்து, மறுநாள் தெளிவை மட்டும் வடித்து, மொத்தம் 200 லிட்டராக்கி மாலை வேளையில் அடிக்க வேண்டும்.

நிலக்கடலை விஷயத்தில் ஒரு கெட்ட வழக்கத்தை விட வேண்டும். திரண்ட பருப்பை விற்றுவிட்டு, சுருங்கியதையும் சொத்தையையும் பூஞ்சணம் பூத்ததையும் வீட்டுக்கு ஒதுக்குகிறோம். பூஞ்சணத்தில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முற்றாகப் போகாது. காயைக் குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஆடும்வரை காய வைத்து, தோலுடனேயே சாக்கில் கட்டி, தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். உரிக்கும்போது நிறம் மாறிய பருப்பை எறிந்துவிடுங்கள். கோழிக்கும் போட வேண்டாம்.

வீட்டுக்கென்று நிறுத்தும் பயற்றில் வண்டு விழுவதுதான் பெரிய இடைஞ்சல். கடித்தால் 'கடுக்'கென்று உடையும் பதத்துக்குக் காய வைத்து, கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி கடலை எண்ணெய் அல்லது விளக்கெண்ணெய் பிசறி, மூடி இறுகிய டின்னில் வைக்கலாம். துவரையையும் உளுந்தையும் உடைத்துப் பருப்பாக்கி வைத்தால் வண்டுத் தொல்லை இன்னும் குறைவு. ஆறு மாதத்துக்கு வேண்டியதைப் பருப்பாகவும் மிச்சத்தை முழுப் பயறாகவும் வைத்துக்கொள்ளலாம்.